கட்டி பேசிய வருஷம்

"அது அவ பேசலைங்க. கட்டிதான் பேசிச்சு."

மருத்துவமனையின் நான்காவது மாடித் தாழ்வாரத்தில் நின்றபடி அவளுடைய அண்ணன் வருகிறவர்கள் எல்லோரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்குத் தலையில் அறுவை சிகிச்சை முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. அத்தனை நாளும் அவர் அந்தத் தாழ்வாரத்தில்தான் செய்தித்தாளை விரித்துப் படுத்திருந்தார். தாடி மண்டிக் கிடந்தது. கண்கள் சிவந்திருந்தன. ஆனால் குரலில் மட்டும், தொலைந்த பொருள் திரும்பக் கிடைத்தவரின் நிம்மதி. என்னைப் பார்த்ததும் என்னிடமும் சொன்னார்.

"பாவம், அவளைப் போய் நாங்க என்னென்னமோ நெனச்சுட்டோம். ஒரு வருஷமா எங்களை அந்தப் பேச்சு பேசினது என் தங்கச்சி இல்லீங்க. டாக்டரே சொல்லிட்டாரு."

நான் தலையாட்டினேன். ஆறுதல் சொல்ல வந்த இடத்தில் வேறென்ன செய்வது.

அவளும் நானும் ஒரே மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறோம். நான் முன்னால் கவுண்டரில். வருகிறவர்களுக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டி, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "உங்க முகத்துக்கு இதுதான் எடுப்பா இருக்கு" என்று பொய் சொல்வது என் வேலை. அவள் பின்னறையில். வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்குச் சாணைச் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்து, ஓரம் மழுக்கி, ஃபிரேமைச் சூடாக்கி உள்ளே பொருத்துவாள். சக்கரத்தின் மேல் எப்போதும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த வெள்ளைச் சேறு நகக்கண்களில் ஏறி, எத்தனை கழுவினாலும் போகாது. கடையில் அவளுக்குப் பூனை என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. முதலாளி ஒருமுறை உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். மறதியாக விட்ட கைபேசியை எடுக்கத் திரும்பி வந்தபோது, இருட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாளாம். கதவைத் தட்டியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "நீங்க வருவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அன்றைக்குத்தான் அந்தப் பெயர் வைத்தார்.

அப்பா அம்மா போன பிறகு அண்ணன் நிழலில் வளர்ந்தவள் அவள். அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அண்ணி வீட்டிலேயே சமைத்து அலுவலகங்களுக்குக் கேரியரில் சாப்பாடு அனுப்புகிறாள். தொழில் அண்ணியுடையது, உழைப்பு பாதிக்கு மேல் இவளுடையது. விடிவதற்கு முன் எழுந்து காய் நறுக்குவாள். சமையல் முடித்துக் கேரியர்களை அடைத்து அடுக்கிவிட்டுக் கடைக்கு வருவாள். கடையிலிருந்து திரும்பினால் முற்றம் முழுக்க எச்சில் கேரியர்கள் அவளுக்காகக் காத்திருக்கும். இவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று தட்டிப்போகும். பிறகு யாரும் வரவில்லை, யாரும் தேடவும் இல்லை. மத்தியானம் பின்னறையில் காலி அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடும்போது அவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்படுவேன். அவள் மென்றுகொண்டே "பரவால்ல விடு" என்பாள். அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது.

மாற்றம் முதலில் கடையில்தான் தெரிந்தது. ஒரு பெரிய மனிதர், கார் வைத்திருப்பவர், கண்ணாடி சரியில்லை என்று மூன்றாம் தடவையாக வந்து என்னை வாங்கு வாங்கு என்று வாங்கிக்கொண்டிருந்தார். கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் சேர்த்துப் போட்ட கண்ணாடி அது. படிக்கும்போது கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க வேண்டும். இதை அவருக்கு நான் முன்பே இரண்டு தடவை பணிவாகச் சொல்லியிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கவுண்டரில் வீசினார். பின்னறைத் திரை விலகியது. பூனை வந்தாள், கையெல்லாம் வெள்ளைச் சேறு. கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"கண்ணாடியில ஒரு தப்பும் இல்ல சார். படிக்கணும்னா கண்ணைக் கொஞ்சம் தாழ்த்தணும். உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்ல போல."

முதலாளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு கீழே பார்த்தார்; அப்படியே போய்விட்டார். நான் பின்னறைக்கு ஓடி அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். அவளும் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அடுத்தது வீட்டில். ஒரு சாயங்காலம் கேரியர்களை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறாள். அண்ணி வந்து எழுப்பியபோது, "முடியாது" என்றாளாம். உடம்புக்கு என்ன என்று கேட்டதற்கு, "உடம்புக்கு ஒண்ணும் இல்ல. முடியாதுன்னா முடியாது" என்றாளாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் தினமும் சண்டை. இருபது வருஷமாக வாய்க்குள் பூட்டி வைத்திருந்ததை எல்லாம் எடுத்துக் கொட்டினாள். அண்ணனைப் பார்த்து, "நீ என்னை வளக்கல. சம்பளமில்லாத வேலைக்காரியா வெச்சிருந்த" என்றாள். அவர் அன்று சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

பிறகு தனியாக வந்துவிட்டாள். கடைக்குப் பக்கத்துத் தெருவில், சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே ஓர் அறை. மெத்தையை நானும் அவளும்தான் குறுகலான மாடிப்படியில் தள்ளித் தள்ளி ஏற்றினோம். பாதிப் படியில் மெத்தை சிக்கிக்கொண்டது. அவள் மேலே, நான் கீழே, நடுவில் மெத்தை. இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அந்த அறையில் ஒரு ஜன்னல், ஒரு ஒற்றை அடுப்பு, சுவரில் முன்பு குடியிருந்தவர் அடித்துவிட்டுப் போன ஆணிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் வரை தூங்கினாள். எனக்கு அவளைப் பார்க்கப் பொறாமையாகக்கூட இருந்தது. என் வீட்டில் நானும் இரண்டொரு வார்த்தை எதிர்த்துப் பேச ஆரம்பித்தது அந்த வருஷத்தில்தான்.

ஒன்றை மட்டும் நாங்கள் இருவரும் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் அவள் அறைக்குப் போனபோது பால் தீய்ந்து தெருமுனை வரை நாற்றமடித்தது. அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "உனக்கு மூக்கு இல்லையா?" என்றேன். கொஞ்ச நாளாகவே எந்த வாசனையும் தெரியவில்லை, சளி போல இருக்கிறது என்றாள். தலைவலிக்கும் அவ்வப்போது மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர்களுக்குத் தலைவலி என்றால் பவர் மாறியிருக்கும் என்றுதான் தோன்றும்.

ஒருநாள் கடையில் சாணைச் சக்கரத்தின் முன்னால் விழுந்தாள். சத்தம் கேட்டு நான் உள்ளே ஓடியபோது கைகால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. கண்கள் மேலே சொருகியிருந்தன. நல்லவேளையாகக் கை சக்கரத்தில் படவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், முன்மண்டையில், மூக்குக்கு நேர் மேலே, ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் பல வருஷங்களாக மெதுவாக வளர்ந்திருக்கிறது, உடனே எடுக்க வேண்டும் என்றார் பெரிய டாக்டர். அந்த இடத்தில் கட்டி இருந்தால் வாசனை போகும், குணமும் கொஞ்சம் மாறலாம், கோபதாபங்கள் வரலாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். சொன்னது அவ்வளவுதான். அண்ணனுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு நான் முதன்முதலாக உள்ளே போய்ப் பார்த்தபோது அவளுடைய இரண்டு கைகளும் கட்டில் கம்பியோடு துணிப்பட்டையால் கட்டப்பட்டிருந்தன. மயக்கத்தில் குழாய்களைப் பிடுங்குகிறாள் என்று நர்ஸ் சொன்னாள். முன்தலையை மழித்திருந்தார்கள். ஒரு காதிலிருந்து மறு காது வரை கட்டு. நெற்றியும் இமைகளும் வீங்கி, ஒரு கண் திறக்கவே இல்லை. மற்றது என்னைப் பார்த்தது. அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிய கையின் விரல்களை மட்டும் அசைத்தாள். நகக்கண்ணில் வெள்ளை இன்னும் இருந்தது. அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு, காவலாளி வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தடுத்த தடவைகளில் கையை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். வீக்கம் வடிந்தது, பேச்சு வந்தது. கட்டில் சுவரோரமாக இருந்தது. தலைக்கு மேலே ஒரு ஜன்னல், திறக்க முடியாதபடி அறைந்து மூடியது. அவள் படுத்த இடத்திலிருந்து பார்த்தால் எதிர்ச் சுவரும் அதில் ஒரு கடிகாரமும்தான் தெரியும். பக்கத்து நாற்காலியில் அண்ணி எப்போதும் இருப்பாள். கேரியர் வேலைக்குக் கூலிக்கு ஆள் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். உறவினர்கள் வருவார்கள், பார்ப்பார்கள், அண்ணியிடம் "எப்படி இருக்கா?" என்று கேட்பார்கள். அண்ணி அவள் கன்னத்தைத் தடவி, "பழைய புள்ளையா ஆயிட்டா. சொன்ன பேச்சு கேக்குறா" என்பாள். வந்தவர்களுக்குச் சந்தோஷம். பூனையும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் பல் தெரியாது.

ஒருநாள் அண்ணன் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அவளுடைய அறையைக் காலி செய்து, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். சாமான்களெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டன. இனிமேல் தனியாக விட முடியுமா, மறுபடி இழுப்பு வந்தால் யார் பார்ப்பது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். "நீங்க சொன்னா கேப்பா. பக்குவமா எடுத்துச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு என் தங்கச்சி திரும்பக் கிடைச்சிருக்கா. அது போதும்."

எனக்கு வேறு யாரிடமாவது கேட்க வேண்டும் போலிருந்தது. பெரிய டாக்டர் சுற்றுக்கு வந்தபோது கூட்டத்தோடு கூட்டமாக நின்று, அவள் ஒரு வருஷமாகப் பேசியதெல்லாம் கட்டியால்தானா என்று கேட்டேன். அவர் நடந்துகொண்டே, "நீங்க அவங்களுக்கு என்ன உறவு?" என்றார். ஃப்ரெண்டு என்றேன். "குடும்பத்தார்கிட்ட எல்லாம் சொல்லியாச்சும்மா" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரருக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துவிட்டது. அன்று இரவு சாப்பிடும்போது, வாரக்கடைசியில் அவருடைய நண்பர்கள் வீட்டுக்கு வந்து உட்கார வேண்டாம், எனக்கும் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்றேன். அவர் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "உன் தலையையும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமா?" என்றார். மாமியார் சிரித்தாள். பிள்ளைகளும் சிரித்தன. நானும் சேர்ந்து சிரித்தேன். பாத்திரம் கழுவும்போதுதான் என் தாடை வலிப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு நான் எது சொன்னாலும் அந்த வீட்டில் அதுவே பதில்.

மறுநாள் அண்ணி மருந்து வாங்கக் கீழே போன நேரத்தில் பூனை என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ ஏன் ஒண்ணுமே கேக்க மாட்டேங்குற?"

"என்ன கேக்கணும்?"

"எல்லாரும் கேக்குறாங்களே. இப்ப மனசு எப்படி இருக்கு, கோவம் வருதா, அண்ணி மேல வருத்தம் இருக்கான்னு."

"வருதா?"

அவள் வாசலைப் பார்த்துக்கொண்டாள். பேச்சு மெதுவாகத்தான் வந்தது. ஒவ்வொரு வார்த்தையையும் எங்கிருந்தோ எடுத்து வந்து வைப்பதுபோல.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குடி. மறந்திருந்தாக் கூடத் தேவலை. அந்தக் கார்க்காரர்கிட்ட சொன்னது, அண்ணன்கிட்ட சொன்னது, எல்லாம். சொன்னப்ப எப்படி இருந்துச்சுன்னும் ஞாபகம் இருக்கு. நல்லா இருந்துச்சு. இப்பப் படுத்துக்கிட்டு அந்தக் கோவத்தைத் தேடிப் பாக்குறேன். காணோம். அதையும் சேத்து வெட்டி எடுத்துட்டாங்களா, இல்ல அது என்னோடதே இல்லையா, தெரியல."

நான் அந்த ஒரு வருஷத்துப் பூனையைத்தான் எல்லோரையும்விட அதிகமாக நேசித்திருந்தேன் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது.

சில நாட்களுக்கு முன் அண்ணியிடம், வீட்டுக்கு வர மாட்டேன், என் ரூமுக்கே போகிறேன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். அண்ணி சண்டை போடவில்லை. கையைத் தடவிக் கொடுத்துவிட்டு எழுந்து போய் நர்ஸைக் கூப்பிட்டாள். நர்ஸ் சின்ன டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் வந்து கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த மாதம் என்று கேட்டார். ஒரு மாத்திரை கொடுத்தார். கண் விழித்தபோது மறுநாள் மத்தியானம்.

"சரின்னு சொன்னா நான் தேறிட்டேன். மாட்டேன்னு சொன்னா இன்னும் சரியாகல. நான் எந்தப் பக்கம் போனாலும் கதவு அவங்க கையில இருக்கு. அதான் இப்ப எல்லாத்துக்கும் சரிங்குறேன்."

அறை போய்விட்டதை நான் அப்போது சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. தள்ளிப்போட்டால் வேறு யாராவது சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சொன்னேன். அவள் அழவில்லை. பிறகு, "அந்த ஒத்தை அடுப்பை என்ன பண்ணாங்க?" என்று கேட்டாள். அண்ணி கேரியர் வேலைக்கு எடுத்துக்கொண்டாள் என்றேன். "நல்ல அடுப்பு" என்றாள். என் வீட்டில் வந்து கொஞ்ச நாள் இரு என்று சொன்னேன். சொல்லும்போதே என் வீட்டின் இரண்டு அறைகளும் அதில் இருக்கும் ஆட்களும் கண்முன்னால் வந்து நின்றார்கள். அவளுக்கும் வந்திருக்கும். "உன் புருஷன்கிட்ட போய்க் கேட்டு வாங்கிக் கட்டிக்காத" என்றாள். அண்ணி மருந்துப் பையோடு உள்ளே வந்ததும் என் மணிக்கட்டை விட்டுவிட்டு, தண்ணீர் வேண்டும் என்று அண்ணியைக் கேட்டாள்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இழுப்பு வராமலிருக்க வேளாவேளைக்கு மாத்திரை, தனியாக வெளியே போகக் கூடாது, குளியலறைக் கதவைக்கூடத் தாழிடக் கூடாது. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் சமையலறையில் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். தலையில் துணி கட்டியிருப்பாள். அதற்குக் கீழே தழும்பின் நுனி காதோரம் தெரியும். முதலில் சும்மா உட்கார முடியவில்லை என்று கொஞ்சம் காய் எடுத்தாளாம். பிறகு அது அவள் வேலையாகிவிட்டது. கூலிக்கு வைத்த ஆளை நிறுத்திவிட்டார்கள். யாரும் அவளிடம் கடுமையாகப் பேசவில்லை. சொல்லப்போனால் அந்த வீட்டில் எல்லோரும் அவளிடம் அத்தனை அன்பாக இருந்தது அப்போதுதான். "குழந்தை மாதிரி பாத்துக்குறோம்" என்றாள் அண்ணி. உண்மைதான். குழந்தையிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. என்னோடு பேசும்போதும் அண்ணி கூடவே இருப்பாள். பூனை என்னைப் பார்க்காமல் காயைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். எனக்கே அந்தச் சமையலறையில் மூச்சு முட்டும். எழுந்து வெளியே வந்து தெருவில் நின்றபிறகும், போகிற இடம் என் வீடுதானே என்று தோன்றும்.

அவள் முழுசாக அடங்கிவிட்டாள் என்றே நான் நினைத்தேன். அண்ணன் சொன்னது சரிதான் போலிருக்கிறது, நாம்தான் ஒரு நோயைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அண்ணிக்குத் தலைக்கு மேல் வேலை. துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்று பூனையே என் பெயரைச் சொன்னாளாம். முதலாளியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போனேன். டாக்டரின் அறையில் அண்ணன், அவள், நான் என்று மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அவர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். அவளுடைய கண்ணை, கையை, நடையைச் சோதித்தார். நன்றாக இருக்கிறது என்றார்.

"கட்டி கொஞ்சம்கூட மிச்சம் இல்லையே, டாக்டர்?" என்றாள் அவள்.

இல்லை, சுத்தமாக எடுத்தாகிவிட்டது என்றார். அண்ணன் கைகூப்பினார். எழுந்திருக்கப் போனார். இவள் எழுந்திருக்கவில்லை.

"அப்ப இப்ப நான் பேசுறது நான்தானே?"

டாக்டருக்குக் கேள்வி பிடிபடவில்லை. வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். "நீங்கதான். வேற யாரு பேசுவா?" என்றார்.

"அண்ணன் கேட்டுக்கட்டும்னுதான் கேட்டேன்" என்றாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நான் இனி நம்ம வீட்டுல இருக்கப் போறதில்ல. கடைக்கு வேலைக்குப் போறேன். வேற இடம் பாத்துக்குறேன்."

குரலில் கோபம் இல்லை. கார்க்காரரிடம் பேசிய அந்தத் துடுக்கும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கும் பிள்ளைபோல, அடுத்த வரி மறந்துவிடுமோ என்ற பயத்தோடு சொன்னாள். அண்ணன் டாக்டரைப் பார்த்தார். டாக்டர், தனியாக வேண்டாம், ஆள் துணையோடு எங்கே இருந்தாலும் சரி, மாத்திரையை மட்டும் விடக் கூடாது என்று சொல்லி மணியை அடித்தார். அடுத்த நோயாளி உள்ளே வந்தாயிற்று.

வெளியே தாழ்வாரத்தில், முன்பு அவர் செய்தித்தாள் விரித்துப் படுத்த அதே சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் நின்றோம். லிஃப்ட் வந்து வந்து போனது. அவர் கேட்டார்:

"உன்னை வேலைக்காரி மாதிரி வெச்சிருந்தேன்னு சொன்னியே. அது நீ சொன்னதா, இல்ல..."

முடிக்கவில்லை. அவள் "கட்டிதான்" என்று சொல்லிவிட்டால் அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அது அவளுக்கும் தெரியும்.

"யாரு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியலண்ணா" என்றாள். "ஆனா அது பொய் இல்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவருடைய தோளில் கை வைக்கப் போய், பாதியில் எடுத்துக்கொண்டாள். மூன்று பேரும் ஒரே லிஃப்டில் இறங்கினோம்.

அந்த இரவு வாந்தி எடுத்தாளாம். மறுநாள் என்னிடம் சொன்னாள்: "அப்பல்லாம் சொல்றது எவ்வளவு சுலபமா இருந்துச்சு தெரியுமா. வாயைத் திறந்தா வந்துடும். இப்ப அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மூணு மாசம் படுத்துக்கிட்டே யோசிச்சேன்."

வேலை செய்யும் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் இடம் கிடைத்தது. ஓர் அறைக்கு நான்கு பேர். ஆள் துணை என்ற நிபந்தனைக்கு அது சரியாகப் போயிற்று. அவள் கட்டில் கதவோரம். யார் உள்ளே வந்தாலும் கதவு கட்டிலில் இடிக்கும். மாலை இருட்டுவதற்குள் உள்ளே வந்துவிட வேண்டும், வெளியே போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அறையில் எதையும் சமைக்கக் கூடாது. விடுதிக்காரம்மா அவளுடைய நோயைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, கொஞ்சம் சீக்கிரம் விளக்கை அணைக்கலாமா என்று கேட்டால்கூட அவளை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறாளாம். கடையில் முதலாளி அவளைச் சாணைச் சக்கரத்தின் பக்கம் விடவில்லை. கவுண்டரின் ஓரத்தில் ஒரு சின்ன மேசை போட்டு, கழன்ற திருகாணியை முடுக்குவது, மூக்குப்பட்டை மாற்றுவது என்று கொடுத்திருக்கிறார். நகக்கண்கள் இப்போது சுத்தமாக இருக்கின்றன. அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. வாசனை திரும்பி வரவே இல்லை.

அண்ணன் மாதம் ஒருமுறை வேனில் வந்து விடுதி வாசலில் நிற்கிறார். உள்ளே ஆண்களுக்கு அனுமதி இல்லை. பழம் கொடுத்துவிட்டு, மாத்திரை போடுகிறாயா என்று கேட்டுவிட்டுப் போகிறார். அண்ணி வருவதில்லை. உறவுகளுக்குள் இன்னும் பேச்சு ஒன்றுதான்: ஆபரேஷன் சரியாகச் செய்யவில்லையாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அவளைப் பார்க்கப் போனேன். மொட்டை மாடியில் துணி துவைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள், கையில் வாளி நிறைய ஈரத்துணி. கொடி முழுக்க அறைத்தோழி ஒருத்தியின் படுக்கை விரிப்புகள். அந்தப் பெண் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்தாள், பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள். அவற்றில் பாதி காய்ந்துபோயிருந்தன. ஒதுக்கி வைத்தால் இடம் கிடைக்கும். நான் பேச வாயெடுத்தேன்.

"விடு" என்றாள் பூனை. "எல்லாத்துக்கும் வாயைத் திறக்க என்னால ஆகாது. இன்னைக்குக் காலையிலயே ஒரு தடவை சொல்லிட்டேன்."

என்ன சொன்னாள், யாரிடம் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. வாளியை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கீழே கொண்டுவந்தோம். அறையில் அவளுடைய கட்டில் கம்பியில் ஒவ்வொரு துணியாகப் பிழிந்து விரித்தாள். இடம் போதவில்லை. மிச்சத்தைக் கதவின் கைப்பிடியில் தொங்கவிட்டாள். யாரோ கதவைத் திறந்து உள்ளே வர, அவை தரையில் விழுந்தன. குனிந்து எடுத்து உதறி மறுபடி போட்டாள். அன்று வெயில் நன்றாகத்தான் இருந்தது. அது அந்த அறைக்குள் வரவில்லை.